மருதாணி சிவக்கவில்லை, கை எரிகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆடிப்பெருக்கு, ரமலான், தீபாவளி, வளைகாப்பு, முகூர்த்தம் என்று காவிரிக் கரை ஊர்களில் மருதாணி வைக்கும் நாட்கள் வரும்போதெல்லாம் ஒரே வகைக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. அவற்றுள் நிறம் பற்றியவை வீட்டிலேயே, பெரும்பாலும் காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும். தோல் பற்றியவை அப்படித் தீர்வதில்லை. கையில் எரிச்சல், கொப்புளம், வீக்கம் என்று ஏதேனும் இருந்தால், முதல் மூன்று அறிகுறிகளைத் தாண்டி நேரே நான்காவதிலிருந்து படியுங்கள்.

## அறிகுறி 1: எடுத்துப் பார்த்தால் வெளிறிய ஆரஞ்சு நிறம்

### எடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் கோளாறு எதுவும் இல்லை. நல்ல மருதாணி, எடுத்தவுடன் ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்திற்குள் மெல்ல இருண்டு செம்பழுப்பாகும். ஆடி 18 அன்று காலையில் ஆற்றுக்குப் போகிறவர்கள் 17ஆம் நாள் இரவில் வைத்துவிட்டு, விடிந்ததும் கை சிவக்கவில்லையே என்று குறைப்படுகிறார்கள். அதுவும் எடுத்த சில மணி நேரத்திலேயே ஆற்று நீரில் முங்கி எழுந்தால், இருளவேண்டிய நிறம் இருளாமலே நின்றுவிடும். 16ஆம் நாள் இரவில் வைத்தால் பெருக்கன்று கை சரியான நிறத்தில் இருக்கும். முகூர்த்தத்திற்கும் இதே கணக்குத்தான்.

### எத்தனை மணி நேரம் கையில் இருந்தது, எப்படி எடுத்தீர்கள்?

ஆறு மணி நேரத்திற்குக் குறைவாக இருந்திருந்தால் காரணம் அதுவாகவே இருக்கும். இரவு முழுவதும் இருப்பது நல்லது. காய்ந்ததைக் குழாயடியில் கழுவாமல், கத்தியின் மழுங்கிய பக்கத்தாலோ பழைய அட்டையாலோ சுரண்டி உதிர்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, குறைந்தது 12 மணி நேரமாவது கையை நீரில் நனைக்காமல் இருக்கவேண்டும். பாத்திரம் துலக்கும் பொறுப்பை அந்த ஒரு நாளுக்கு வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படைப்பதுதான் மருதாணிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி என்பது என் கருத்து.

### வைப்பதற்கு முன் கையில் என்ன இருந்தது?

எண்ணெயும் லோஷனும் மெழுகுப் பூச்சும் சாயத்தைத் தோலில் இறங்கவிடாது. கல்யாண வீடுகளில் நலங்கு முடிந்த கையோடு மருதாணி வைக்க உட்கார்வதால், கையில் படிந்த எண்ணெயும் மஞ்சளும் குறுக்கே நிற்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே வைக்கவேண்டும். முடிந்தால் மருதாணியை நலங்குக்கு முந்தைய இரவுக்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

### உடம்பில் எந்த இடம்?

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்திருப்பதால் அங்கே நிறம் அடர்ந்து பிடிக்கும். புறங்கை, முன்கை, தோள் ஆகிய இடங்களில் அதே விழுது எப்போதும் ஓரிரு படி வெளிறியே தெரியும். இதற்குத் தீர்வு கிடையாது, தேவையும் இல்லை. புறங்கையும் உள்ளங்கை அளவுக்குச் சிவக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் கடைசியில் இரசாயனக் கோனிடம் போய்ச் சேர்கிறார்கள்.

### காலமும் காற்றும்

ஆடிக் காற்றில் திண்ணையில் உட்கார்ந்து வைத்தால் விழுது அரை மணி நேரத்தில் காய்ந்து வெடித்து உதிர்கிறது. காய்ந்த விழுதிலிருந்து சாயம் இறங்குவதில்லை. கதவைச் சாத்திய அறையில் வைத்து, மேற்பரப்பு காய்ந்ததும் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் அது பிடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். மார்கழியில் குளிர்ந்த கையில் நிறம் மந்தமாகவே ஏறும். மருதாணி காய்ந்தபின் கையைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கினாலே போதும். வாணலியில் கிராம்பை வறுத்து அந்தப் புகையில் கையைக் காட்டும் வழக்கத்திலும் வேலை செய்வது சூடுதான். கை சுடாத தூரத்தில், பெரியவர்கள் மட்டும் செய்யலாம்.

சளி பிடித்திருக்கும் குழந்தைக்கு இரவு முழுவதும் ஈர விழுதை வைத்துத் தூங்கவைக்கவேண்டாம் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக்கொள்வதில் நட்டமில்லை. குழந்தை தூக்கத்தில் அதைக் கண்ணிலும் வாயிலும் தேய்த்துக்கொள்ளாமல் இருப்பதற்காவது அது உதவும்.

### இலையை அரைத்தீர்களா?

வேலியோரச் செடியில் கைக்கு வந்தபடி முற்றல் இலைகளை உருவி வருவதைவிட, கிளை நுனியில் உள்ள இளம் இலைகளைப் பறிப்பது மேல். சாயம் அவற்றில்தான் கூடுதல். அடைமழைக் காலத்தில் தளதளவென்று வளர்ந்த இலையைவிட வெயிலில் வளர்ந்த இலை நன்றாகச் சிவக்கும். அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் சேர்க்கவேண்டும். மிக்ஸியில் ஓடவேண்டுமே என்று நீரை ஊற்றிவிடுவதே இன்று பல வீடுகளில் நிறம் குறைவதற்குக் காரணம். அம்மி இருந்தால் அம்மியே நல்லது. (அரைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளாவிட்டால் முதலில் சிவப்பது அவருடைய கைதான்.) புளியோ எலுமிச்சையோ தரும் புளிப்பு சாயத்தை வெளிக்கொண்டுவர உதவுகிறது. கொட்டைப்பாக்கும் கிராம்பும் அந்தந்த வீட்டு வழக்கம். அவை இல்லாமலும் நல்ல இலை சிவக்கும். கிராம்பு கூடினால் மெல்லிய தோலில் எரிச்சல் உண்டாகும்.

### பொடியைக் கரைத்தீர்களா?

பொடி பழையதா, சாயம் வெளிவந்துவிட்டதா என்ற இரண்டையும் ஒரே சோதனையில் அறியலாம். கரைத்த விழுதை உள்ளங்கையில் ஒரு பொட்டளவு வைத்து, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் விழுது பதமாகிவிட்டது. தெரியாவிட்டால் மூடி வைத்து, மணிக்கு ஒருமுறை இதையே செய்து பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் எலுமிச்சைச் சாற்றில் கரைத்தது பகலில் சில மணி நேரத்திலேயே பதமாகிவிடும். குளிர்ந்த நாளில் ஓர் இரவு முழுவதும் ஆகலாம். மறுநாளும் புள்ளி விழாவிட்டால் பொடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பதமான விழுதை வெளியே வைத்திருந்தால் ஓரிரு நாளில் வலுவிழந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும்.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கடைகளில் கிடைக்கும் நல்ல பொடி பெரும்பாலும் ராஜஸ்தானத்திலிருந்து வருகிறது. அங்குள்ள சோஜத் ஊரின் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: வைக்கோல் கலந்தாற்போன்ற மங்கிய பச்சையாக இருக்கவேண்டும். பளீரென்ற பச்சை என்றால் சாயம் சேர்த்ததோ என்று ஐயப்படலாம். சிட்டிகைப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தூவியதும் பச்சை நிறம் ஓடிப் பரவினால் அந்த ஐயம் உறுதியாகிவிடும்.

### இத்தனைக்கும் பிறகும் சிவக்கவில்லை என்றால்

கல்யாணம்போலத் தள்ளிப்போட முடியாத காரியம் என்றால், பணம் கொடுத்து மருதாணி வைப்பவரை அழைப்பதே கடைசி வழி. அவரிடம் கேட்கவேண்டியவை மூன்று: கோனை நீங்களே கரைத்தீர்களா, எப்போது கரைத்தீர்கள், எதில் வைத்திருந்தீர்கள். மூன்றுக்கும் நேரடியான பதில் வராவிட்டால், அவர் காட்டும் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு ஒருவரைப் பாருங்கள்.

நிறம் கூட்டுவதற்காக, மருதாணி எடுத்த கையில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சுண்ணாம்பு தோலை அரிக்கும் காரம் என்பதால் இதை விட்டுவிடுவதே நல்லது.

## அறிகுறி 2: திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது

விழுதில் கட்டியோ நாரோ இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். அடுத்தது கையின் நிலை. நடவுக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றிலும் நீரிலும் நின்ற கையிலும் காலிலும் மேல்தோல் ஊறி உரிந்திருக்கும். உரியும் தோலில் பிடித்த சாயம் இரண்டு மூன்று நாளில் தோலோடு போய்விடும். பாத்திரம் துலக்கும் சோப்பால் கை உரிபவர்களுக்கும் இதேதான். நீர் வேலை இல்லாத இரண்டொரு நாள் இடைவெளி விட்டு, இரவில் எண்ணெய் தடவி, மருதாணி வைக்கும் நாளில் அதைக் கழுவிவிட்டு வைத்தால் சீராகப் பிடிக்கும். உரிதலோடு அரிப்போ விரலிடுக்கில் புண்ணோ இருந்தால் அது மருதாணியால் வந்த கோளாறு ஆகாது. தோல் மருத்துவரிடம் காட்டி, புண் ஆறிய பிறகே மருதாணியை நினைக்கவேண்டும்.

## அறிகுறி 3: கோலம் கசிந்து பரவுகிறது, அல்லது கோன் அடைக்கிறது

ஐப்பசி மழையில், தீபாவளிக்கு முந்தைய இரவில் மட்டும் கசிகிறது என்றால் குற்றவாளி சர்க்கரை. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆடிக் காற்றுக்கு 100 கிராம் பொடியில் 20 கிராம் சர்க்கரை கலந்து பழகியவர்கள், மழைக்காலத்தில் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். எலுமிச்சை-சர்க்கரை ஒற்றுவதையும் நிறுத்திவிடலாம். எல்லாக் காலத்திலும் கசிந்தால் விழுது நீர்த்திருக்கிறது. கொஞ்சம் பொடி தூவிப் பிசைந்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

அடைப்புக்குக் காரணம் சலிக்காத பொடி. கரைத்த விழுதை மெல்லிய நைலான் துணியில் இட்டுப் பிழிந்து கோனில் நிரப்பினால் அடைக்காது. அடைத்த நுனியை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிக் கோடு தடித்துவிடும். குண்டூசித் தலையால் நுனியை அழுத்தி வழித்து, அடைப்பை வெளியே தள்ளுங்கள்.

## அறிகுறி 4: ஐந்து நிமிடத்திலேயே அடர் சிவப்பு, அல்லது கருகருவென்று கருப்பு

இது வெற்றி என்று எண்ணிப் பலரும் மகிழ்ந்துவிடுவதால்தான் இதை அறிகுறியாகச் சேர்த்திருக்கிறேன். எந்தத் தொல்லையும் தெரியாவிட்டாலும் உடனே வழித்தெடுத்து, ஓடும் நீரில் மென்மையான சோப்பால் கழுவிவிடுங்கள்.

மருதாணி இலை ஐந்து நிமிடத்தில் அடர் நிறம் தராது. கருப்பு நிறத்தை எடுத்தவுடன் தரவே தராது. கருப்பு மருதாணி என்று விற்பதில் பெரும்பாலும் பாரா-ஃபீனைலீன்டையமின் என்ற தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கிறது, சுருக்கமாகப் பி.பி.டி. என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது தலைச்சாயத்தில் 2 சதவீதத்திற்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் பூசும் பொருள்களில் அனுமதியே இல்லை. அமெரிக்காவில் தூய மருதாணிக்குக்கூடத் தலைமுடிக்கு மட்டும்தான் அனுமதி. உடனடிச் சிவப்புக் கோன்கள் சிலவற்றில் சோடியம் பிக்ரமேட் என்ற சாயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. திருவிழாக் கடைகளில் கிடைக்கும் கோன்களின் உறையில் உட்பொருள் எதுவும் அச்சிட்டிருக்காது என்பதால், வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இவை மட்டுமே:

முகர்ந்து பாருங்கள். ஈர வைக்கோலின் மணமோ இலை மணமோ வந்தால் சரி. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயின்ட் மணம் வந்தால் குப்பைக்குப் போகட்டும். அடுத்து, கடையில் அது இருந்த இடத்தைப் பாருங்கள். தூய விழுது வெயிலில் தொங்கும் அட்டையில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க முடியாது. அதன் பிறகு பிதுக்கிப் பாருங்கள். இலைப் பச்சையோ பழுப்போ இல்லாமல் விழுதே கருப்பாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கொஞ்சம் கையில் தடவி, ஒன்றும் ஆகவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வதுண்டு. தூய இலை விழுதுக்கு முன்கையின் உட்புறத்தில் தடவி 48 மணி நேரம் பார்ப்பது பயனுள்ள சோதனைதான். கருப்புக் கோனுக்கு அது கூடாது. முதன்முறை தோலில் பட்டபோது ஒன்றும் ஆகாமல், அந்த ஒரு படுதலாலேயே உடம்பில் ஒவ்வாமை உருவாகி, அடுத்த முறை கொப்புளமாக வெளிப்படுவது பி.பி.டி.யின் இயல்பு. போன வருடம் இதே கோனைத்தான் வைத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதமும் இதனால்தான் செல்லாது.

## அறிகுறி 5: வைத்துக்கொண்டிருக்கும்போதே எரிகிறது

### ஓரிடத்தில் மட்டும் எரிகிறதா?

அங்கே கீறலோ, அரிவாள்மணைக் காயமோ, பித்தவெடிப்போ இருக்கும். எலுமிச்சையும் புளியும் பட்டு எரிகிறது. அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு மற்றதைத் தொடரலாம்.

### வைத்த இடமெல்லாம் எரிகிறதா?

கிராம்போ, வாசனை எண்ணெயோ, நீலகிரித் தைலமோ கூடியிருக்கலாம். கடைக் கோனாக இருந்தால் அதில் கலந்த கரைப்பானாக இருக்கலாம். எது என்று ஆராய்வதற்கு முன் முழுவதையும் வழித்தெடுத்து, 10 நிமிடத்திற்குக் குறையாமல் ஓடும் நீரில் காட்டுங்கள். பற்பசை, சுண்ணாம்பு, வலித் தைலம் எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் அடங்கி, வெறும் சிவப்பு மட்டும் மிஞ்சினால் அதோடு முடிந்தது. அடங்காவிட்டாலோ, தோல் கொப்பளித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். அவர்களுக்கு எரிச்சலே தெரியாது என்பதால் அது எச்சரிக்கையாகவும் பயன்படாது. பித்தவெடிப்புள்ள காலில் அவர்கள் கடைக் கோனை வைக்கவே கூடாது; வீட்டு விழுதை வைத்தாலும் பாதத்தை மறுநாள் வேறொருவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

## அறிகுறி 6: சில நாள் கழித்து அரிப்பு, தடிப்பு, கொப்புளம்

முன்பே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓரிரு நாளிலும், முதன்முறை ஆளாகிறவர்களுக்கு ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கழித்தும் இது வரும். அதற்குள் மருதாணியை மறந்தே போயிருப்பார்கள் என்பதால் வெயில் கொப்புளம், பூச்சிக்கடி என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தடிப்பின் வடிவத்தைப் பாருங்கள்: போட்ட கொடியும் பூவும் அதே கோட்டில் புடைத்திருந்தால் காரணம் மருதாணிக் கோன்தான்.

செய்யவேண்டியது குறைவு. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ஒற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். நீர் வடியும் புண்ணில் மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் வலுவான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்திருப்பதுண்டு. எது எவ்வளவு நாள் என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். கொப்புளம் வந்தாலே மருத்துவரைப் பாருங்கள். கோனையோ உறையையோ எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

புண் ஆறிய பிறகு அந்த வடிவம் கருத்தோ வெளுத்தோ மாதக்கணக்கில் நிற்கலாம். அது பெரும்பாலும் மெல்ல மறையும். மறையாதது ஒவ்வாமை: பி.பி.டி.க்கு ஒருமுறை ஆளான உடம்பு ஆயுள் முழுவதும் அதை நினைவில் வைத்திருக்கும். பதினைந்து வயதில் கையில் கொப்புளம் வந்த பெண்ணுக்கு நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கலாம். ஆகையால் இனித் தலைச்சாயம் வாங்கும்போதும், மரத்துப்போகச் செய்யும் ஊசி போடும்போதும் இந்த ஒவ்வாமையைச் சொல்லவேண்டும். மரத்துப்போகச் செய்யும் சில மருந்துகளும் சல்ஃபா வகை மருந்துகளும் இதே வகையில் ஒவ்வாமல் போகக்கூடும்.

## அறிகுறி 7: முகம், உதடு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம்

108ஐ அழையுங்கள். வழித்தெடுப்பதும் கழுவுவதும் வண்டி வரும்வரை செய்யவேண்டிய வேலைகள்.

## அறிகுறி 8: மருதாணி வைத்த குழந்தை வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கருத்துப் போகிறது

இது அரிது, ஆனால் தவறவிடக்கூடாதது. சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்திருப்பவர்களுக்குத் தூய மருதாணி இலைகூட இரத்த அணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். இது ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். குடும்பத்தில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். மருதாணி வைத்த இரண்டு மூன்று நாளுக்குள் கண் மஞ்சளாவது, உதடு வெளுப்பது, சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போவது, மூச்சு வேகமாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேரே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருதாணி வைத்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குச் சடங்குக்காகக் காலில் ஒரு பொட்டு வைப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அண்ணனுக்கோ மாமனுக்கோ இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்திருந்தால், பரிசோதனை முடியும்வரை அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு மருதாணி வேண்டாம்.

## அறிகுறி 9: நிறம் போகவேண்டும், போகமாட்டேன் என்கிறது

தோலில் உள்ளது ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாகப் போகும். அவசரம் என்றால் எண்ணெய் தடவி ஊறவிட்டு, வெந்நீரில் கழுவி, பீர்க்கங்கூட்டால் மெல்லத் தேய்த்தால் கொஞ்சம் குறையும். பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கையை முக்கவேண்டாம். நகத்தில் பிடித்ததை எதுவும் செய்ய முடியாது. நகம் வளர்ந்து வெட்டப்படுவதற்கு நான்கைந்து மாதம் ஆகும்.

இதனால் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். விரல் நுனிக்குத் தொப்பி வைத்திருந்தால், நியாய விலைக் கடையின் கைரேகைக் கருவி சில சமயம் விரலை ஏற்கத் தடுமாறும். மருதாணி படாத வேறு விரலைக் கொடுத்துப் பாருங்கள், அல்லது கண் கருவிழிப் பதிவு உள்ளதா என்று கேளுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் விரல் நுனிகளில் மருதாணியே வேண்டாம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கவ்வி அங்கேதான் மாட்டப்படும், அடர்ந்த கருப்புச் சாயம் அதன் அளவீட்டைக் குழப்பக்கூடும். முன்பே வைத்துவிட்டிருந்தால் அனுமதியாகும்போதே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கவ்வியைச் சாயம் படாத விரலிலோ காது மடலிலோ மாட்டிக்கொள்வார்கள்.